லோசான் இளம் நடனக் கலைஞர்கள் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும் சமயத்தில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பல நாடுகளைச் சேர்ந்த பாலே மாணவர்கள் ஒரு வாரம் கூடி ஆடுகிறார்கள். 'ப்ரி த லோசான்' என்ற அந்தப் போட்டி நேரலையாக உலகம் முழுவதும் போகிறது. நான் அதை விடாமல் பார்ப்பவள். நண்பர்களையும் உறவினர்களையும் பார்க்கச் சொல்லி வற்புறுத்துபவள். பார்த்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப்போக.

இது என்ன போட்டி? யார் ஆரம்பித்தார்கள்?

1973-ல் தொடங்கிய போட்டி. கைக்கடிகாரத் துறையில் இருந்த சுவிஸ் தொழிலதிபர் பிலிப் பிரவுன்ஷ்வைக்கும், நடனக் கலைஞரான அவருடைய மனைவி எல்விரும் சேர்ந்து ஏற்படுத்தினார்கள். ரோசெல்லா ஹைடவர், மோரிஸ் பெஜார் ஆகிய பெரிய கலைஞர்கள் யோசனை சொல்லித் துணைநின்றார்கள். திறமை இருந்தும் நல்ல பள்ளியில் சேர வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு வழி திறக்க வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். இன்றும் இலாப நோக்கற்ற அறக்கட்டளைதான் இதை நடத்துகிறது.

இந்த நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ள முடியுமா?

வயது 15 முதல் 18 வரை இருக்க வேண்டும். எந்த நடனக் குழுவிலும் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கக் கூடாது. நாடு எதுவாகவும் இருக்கலாம். முதலில் வகுப்புப் பயிற்சிகளையும் நடனத்தையும் படம்பிடித்து அனுப்ப வேண்டும். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றிலிருந்து எண்பது பேர் அளவில் லோசானுக்கு அழைக்கிறார்கள். இறுதிச்சுற்றுக்குப் போகிறவர்கள் சுமார் இருபது பேர்.

எங்கே பார்ப்பது? நமக்கு எத்தனை மணிக்கு வரும்?

'ஆர்ட்டே' தொலைக்காட்சியின் இணையதளத்திலும் யூடியூபிலும் பணம் கட்டாமல் பார்க்கலாம். ஜப்பானில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே பல ஆண்டுகளாக இதை ஒளிபரப்பிவந்திருக்கிறது. அங்கே பாலே பழகும் வீடுகளில் இந்தப் போட்டியின் பெயர் தெரியாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

குளிர்காலத்தில் லோசானைவிட இந்தியாவும் இலங்கையும் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. இறுதிச்சுற்று அங்கே பிற்பகலில் தொடங்கும் என்பதால் நமக்கு மாலைப்பொழுது. இரவு கண்விழிக்க வேண்டியதில்லை.

ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆடுவதற்கு எதற்கு ஒரு வாரம்?

மேடையில் ஆடும் அந்த இரண்டு நிமிடங்கள் போட்டியின் ஒரு பகுதி மட்டுமே. ஒவ்வொரு மாணவரும் நான்கு இடங்களில் மதிப்பிடப்படுகிறார்: பாலே வகுப்பு, நவீன நடன வகுப்பு, மேடையில் ஒரு பாலே தனிநடனம், மேடையில் ஒரு நவீன தனிநடனம். நான்குக்கும் சம எடை. அதாவது பாதி மதிப்பெண் வகுப்பறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

வகுப்பு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். பெரிய கூடம். சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எதிரே நீள மேசையில் நடுவர்கள் ஒன்பது பேர், கையில் பேனாவும் தாளும். ஆசிரியர் ஓர் அசைவுக் கோவையை ஒரே ஒரு முறை, பாதி கையாலும் பாதி வாயாலும் சொல்லிக் காட்டுகிறார். பியானோ தொடங்கிவிடுகிறது. அவ்வளவுதான், பிள்ளைகள் அதை ஆட வேண்டும். இரண்டு வருடம் ஒரே நடனத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவரும் இங்கே வெறுங்கையோடுதான் நிற்கிறார். யார் காதில் வாங்கியதை உடனே உடம்பில் ஏற்றுகிறார், யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆடுகிறார், தவறிய பிறகு யார் முகம் சுருங்காமல் அடுத்த அடியைப் பிடிக்கிறார் என்பதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும்.

வகுப்புகளுக்கு இடையில் தனிநடனங்களுக்கான திருத்தப் பயிற்சிகள் நடக்கின்றன. பெயர்பெற்ற கலைஞர்கள் ஒவ்வொரு பிள்ளையுடனும் சில நிமிடங்கள் உட்கார்ந்து திருத்துகிறார்கள். அதுவும் நேரலையில் வருகிறது.

நெஞ்சில் எண் ஒட்டியிருக்கிறார்களே, ஏன்?

வகுப்பில் எண்பது முகங்களை நினைவில் வைத்துக்கொள்வது நடுவர்களுக்குக் கடினம். வாரம் முழுவதும் ஒருவருக்கு ஒரே எண்தான். 15-16 வயதினர் ஒரு பிரிவு, 17-18 வயதினர் ஒரு பிரிவு. இரண்டிலும் ஆண்கள், பெண்கள் தனித்தனி.

நன்றாகத் தடுமாறிய பெண்ணுக்குப் பரிசு கிடைத்தது. பிசகே இல்லாமல் ஆடியவருக்கு ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், கோபத்தோடு வருவதும் இதுதான். நடுவர்கள் பார்ப்பது இன்றைய ஆட்டத்தை மட்டும் இல்லை. இந்தப் பிள்ளை நல்ல பயிற்சி கிடைத்தால் நாளை என்னவாக வரும் என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கிறார்கள். போட்டியின் அளவுகோல்களிலேயே கலை உணர்வு, உடல் தகுதி, துணிச்சல், தனித்தன்மை, இசைக்குக் கற்பனையோடு இசைந்துபோவது, அசைவின் வேகத்தையும் கனத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது, நுட்பம், கட்டுப்பாடு எல்லாம் வருகின்றன. பிசகில்லாமை என்பது இவற்றில் ஒன்றின் சிறு பங்கு.

பாதி மதிப்பெண் வகுப்பறையில் என்று முன்பு சொன்ன கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மேடையைப் பார்த்தவர், நடுவர்கள் வாரம் முழுவதும் பார்த்ததில் ஒரு துண்டை மட்டுமே பார்த்திருக்கிறார். பரிசு ஒரு பள்ளியில் படிக்கும் வாய்ப்பு என்கிறபோது, அந்தப் படிப்பால் யார் அதிகம் வளர்வார்கள் என்று பார்ப்பதுதான் நேர்மையான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏற்கெனவே முழுமையாகச் செதுக்கப்பட்டுவிட்ட ஒரு நடனத்தைவிட, இன்னும் திறந்துகொண்டிருக்கும் ஒரு மாணவர் இங்கே முன்னுக்கு வருவது தற்செயல் இல்லை.

இதற்காக ஒவ்வோர் ஆண்டு முடிவும் எனக்கு ஒப்பும் என்று சொல்லவில்லை. மனம் ஆறாத ஆண்டுகள் உண்டு.

எல்லோரும் ஒரே நடனத்தைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள். சலிப்பாக இல்லையா?

நடனங்களின் பட்டியலைப் போட்டியே கொடுக்கிறது. அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பாலேக்களின் தனிநடனங்கள்: 'ஜிசெல்', 'கொப்பேலியா', 'தூங்கும் அழகி', 'டான் கிஹோத்தே', 'அன்னப் பொய்கை' போன்றவை. இளையவர்களுக்கு அவர்கள் உடம்பு தாங்கும் நடனங்களே தரப்படுகின்றன. சாகசம் காட்டிக் கைதட்டல் வாங்கும் ஆசைக்கு இந்தப் பட்டியல் ஒரு கடிவாளம்.

ஒரே நடனம் என்பதால்தான் ஒப்பிட முடிகிறது. ஜிசெல் முதல் அங்கத்தில் வரும் தனிநடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமான கிராமத்துப் பெண், காதலன் பார்க்க ஆசையோடு ஆடும் கட்டம். நடுவில் ஓர் இடம் உண்டு: மேடையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலையை நோக்கி, இடது கால் விரல் நுனியிலேயே குதித்துக் குதித்துப் போக வேண்டும்; வலது கால் காற்றில் சிறு வட்டங்கள் போட்டபடி இருக்கும். கெண்டைக்கால் எரியும். அந்த எரிச்சல் முகத்துக்கு வந்துவிட்டால் கதாபாத்திரம் செத்துவிடும். ஒரு பெண் இந்த இடத்தில் தரையைப் பார்த்துக் குதிப்பாள். அடுத்தவள் நடுவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். மூன்றாமவள் பக்கவாட்டில் யாரோ நிற்பதாக நினைத்து அந்தப் பக்கம் ஒரு முறை திரும்புவாள். அரங்கமே அந்தக் காதலனைத் தேடும். அடிகள் மூவருக்கும் ஒன்றேதான். ஐந்து பேர் வரிசையாக ஆடும்போது உட்கார்ந்து பாருங்கள், சலிப்பு போய்விடும்.

மேடை சாய்வாக இருக்குமாமே?

லோசானின் போலியூ அரங்க மேடை அதற்குப் பேர்போனது. பின்பக்கம் உயர்ந்து, பார்வையாளர் பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும். சமதளத்தில் பழகியவர்களுக்கு எடை தானாக முன்னால் சரியும். சுழலும்போது அச்சு தப்பும். மேலே சொன்ன குதிப்புகளை அந்தச் சரிவில் நினைத்துப் பாருங்கள். அதனால்தான் போட்டி நாளுக்கு முன்பே மேடையில் ஒத்திகை பார்க்க நேரம் ஒதுக்குகிறார்கள்.

வெறுங்காலோடு தரையில் உருண்டு புரள்கிறார்களே, அதுவும் பாலேவா?

அது நவீன நடனப் பகுதி. அதற்கும் பட்டியல் உண்டு. இன்றைய நடன அமைப்பாளர்கள் தங்கள் படைப்புகளிலிருந்து பகுதிகளைக் கொடுக்கிறார்கள். ஜான் நோய்மையர், வேய்ன் மக்கிரெகர், கோயோ மொந்தேரோ போன்றவர்களின் நடனங்கள் பட்டியலில் இருந்திருக்கின்றன.

இன்றைய பாலே குழுவில் வேலைக்குச் சேர்பவர் ஒரு வாரம் இளவரசியாகவும், அடுத்த வாரம் தரையில் முதுகைத் தேய்த்தபடியும் ஆட வேண்டியிருக்கும். இரண்டும் வராதவருக்கு வேலை கிடைப்பது கடினம். ஆகவே இரண்டுக்கும் சம மதிப்பு. நவீன நடனத்தைச் சிறப்பாக ஆடுபவருக்குத் தனிப் பரிசும் உண்டு.

சிலர் இந்திய உடை மாதிரி ஏதோ போட்டு ஆடினார்கள். அது என்ன?

'லா பயதேர்' என்ற பாலே. 1877-ல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் மாரியுஸ் பெத்திபா அமைத்தது. கோயில் நடனப் பெண் நிக்கியா, வீரன் சோலோர், அரசகுமாரி கம்ஸாத்தி என்று கதை போகும். இந்தியாவைப் பார்க்காதவர்கள் கற்பனையில் கட்டிய இந்தியா அது. உடையிலும் கைவைப்பிலும் நம் கண்ணுக்கு உறுத்துபவை நிறைய. அதே பாலேயில், வெள்ளுடை நிழல்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கிவரும் காட்சி பாலே உலகின் உச்சங்களில் ஒன்று. உறுத்தலும் உண்மை, உச்சமும் உண்மை.

இதற்குப் பின்னால் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 1838-ல், கடலூர் அருகேயுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளும் இசைக்காரர்களும் கொண்ட ஒரு சிறு குழு புதுச்சேரி வழியாகப் பாரிஸுக்குப் போய் ஆடியது. அதில் அம்மணி என்ற இளம் பெண்ணின் ஆட்டத்தைக் கண்டு தெயோஃபில் கோத்தியே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் மெய்மறந்து எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து 1841-ல் பாரிஸில் மேடையேறிய 'ஜிசெல்' பாலேயின் கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். பிறகு சகுந்தலை கதையை வைத்தும் ஒரு பாலே எழுதினார். லோசான் மேடையில் அந்த உடைகளைப் பார்க்கும்போதெல்லாம், நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போன அந்தப் பெண்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் ஆடியதைப் பாரிஸ் பார்த்தது. ஆனால் மேடையில் தங்கிப்போனது பாரிஸின் கற்பனை.

முதல் பரிசு எவ்வளவு பணம்?

பணமுடிப்பு என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பரிசு என்பது ஓர் ஆண்டுக் கல்வி உதவி. போட்டியுடன் இணைந்த பள்ளிகளில் ஒன்றில் கட்டணமில்லாமல் படிக்கலாம். தங்கிச் சாப்பிடவும் உதவித்தொகை உண்டு. வயதும் தகுதியும் இருந்தால் பள்ளிக்குப் பதிலாக ஒரு நடனக் குழுவில் பயிற்சிக் கலைஞராகச் சேரலாம். லண்டன் ராயல் பாலே பள்ளி, ஸ்டுட்கார்ட்டின் ஜான் கிராங்கோ பள்ளி, ஹாம்பர்க் பாலே பள்ளி, மொனாக்கோவின் பிரின்சஸ் கிரேஸ் அகாடமி, கனடாவின் தேசிய பாலே பள்ளி என்று பட்டியல் நீளும்.

முதல் பரிசு வாங்கியவருக்கும் கடைசிப் பரிசு வாங்கியவருக்கும் கிடைப்பது அதே ஓர் ஆண்டுதான். வரிசை எண்ணைப் பற்றி நாம் சண்டை போடுகிற அளவுக்கு அந்தப் பிள்ளைகள் கவலைப்படுவதில்லை. எந்தப் பள்ளி என்பதே அவர்களின் கவலை.

வென்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

இன்று பாலே உலகை நடத்துபவர்களில் பலர் இந்தக் கதவு வழியாக வந்தவர்கள். கார்லோஸ் அகோஸ்தாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஹவானாவில் லாரி ஓட்டுநரின் மகன். 1990-ல் பதினாறு வயதில் இங்கே தங்கப் பதக்கம் வென்றார். லண்டன் ராயல் பாலேயின் முதன்மைக் கலைஞராக உயர்ந்தார். 2020 முதல் பர்மிங்ஹாம் ராயல் பாலேயை இயக்குகிறார். பிரவுன்ஷ்வைக் தம்பதி யாரை நினைத்து இதைத் தொடங்கினார்களோ அப்படிப்பட்ட பிள்ளை அவர்.

பின்னாளில் பாலே நட்சத்திரங்களானவர்கள் இன்னும் உண்டு. அலெஸ்ஸாண்ட்ரா ஃபெர்ரி 1980-ல் வென்றார். டார்சி பஸ்ஸல் 1986-ல், டயானா விஷ்னேவா 1994-ல், அலினா கொஜோகாரு 1997-ல். 1991-ல் வென்ற கிறிஸ்டஃபர் வீல்டன் ஆட்டத்தைவிட நடன அமைப்பில்தான் புகழ்பெற்றார். 1983-ல் வென்ற மியாகோ யோஷிதா பின்னாளில் ஜப்பான் தேசிய பாலேயின் இயக்குநரானார்.

ஜப்பானியரும் கொரியரும் எப்படி இவ்வளவு பேர் வருகிறார்கள்?

ஜப்பானில் பாலே பழகுபவர்கள் மிக அதிகம். தெருவுக்குத் தெரு தனியார் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் பாரிஸிலோ பீட்டர்ஸ்பர்க்கிலோ இருப்பதுபோல் சின்ன வயதிலேயே சேர்த்துக்கொண்டு முழுநேரமும் பயிற்றுவிக்கும் அரசுப் பள்ளி மரபு அங்கே வேரூன்றவில்லை. தொழில்முறைக் கலைஞராக விரும்பும் பிள்ளை வெளிநாடு போயாக வேண்டும். போவதற்கு இந்தப் போட்டி நேர்வழி. 1989-ல் டோக்கியோவிலேயே நடந்த இறுதிச்சுற்றில் தெத்சுயா குமாகாவா தங்கப் பதக்கம் வாங்கியது அங்கே ஒரு தலைமுறையையே பாலேயின் பக்கம் இழுத்தது.

கொரியாவுக்கு முன்னோடி காங் சூ-ஜின். 1985-ல் வென்று, ஸ்டுட்கார்ட் பாலேயில் முப்பது ஆண்டுகளை ஒட்டி ஆடி, 2014-ல் கொரிய தேசிய பாலேயின் தலைமைக்கு வந்தார். 2007-ல் வென்ற பார்க் செ-உன் 2021-ல் பாரிஸ் ஓபேராவின் மிக உயர்ந்த 'எத்வால்' நிலைக்கு உயர்ந்தார். அந்த நிலையை அடைந்த முதல் ஆசியர் அவர். 2025-லும் முதல் பரிசு ஒரு தென்கொரிய மாணவருக்கே போனது.

பரிசு கிடைக்காதவர்கள் அழுதுகொண்டே ஊருக்குப் போக வேண்டியதுதானா?

அழுகிறார்கள். அதைப் பார்க்கும்போது நமக்கும் கலங்குகிறது. ஆனால் இணைப் பள்ளிகளின் இயக்குநர்கள் வாரம் முழுவதும் அரங்கிலேயே இருந்து பார்க்கிறார்கள். பரிசு பெறாதவர்கள் அவர்களைச் சந்திப்பதற்கென்றே போட்டி ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்கிறது. இறுதிச்சுற்றுக்கே வராத பலருக்கு அங்கே பள்ளிச் சேர்க்கை கிடைக்கிறது. என் பார்வையில் இந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஏற்பாடு இதுதான். தொலைக்காட்சியில் இது வருவதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

எல்லோரும் இவ்வளவு மெலிந்திருக்கிறார்களே, சாப்பிடுகிறார்களா இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. உணவுக் கோளாறுகள் பாலே உலகின் தீராத நோய்; மூடி மறைப்பதில் பயனில்லை. லோசான் போட்டி இதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. விண்ணப்பத்தோடு மருத்துவ விவரங்களையும் கேட்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். ஆபத்தான நிலையில் இருக்கும் மாணவரை ஆடவிடாமல் நிறுத்தும் அதிகாரமும் உண்டு.

இது போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். ஒரு வாரப் பரிசோதனையால் பத்தாண்டுப் பழக்கத்தை மாற்ற முடியாது. 'உடல் தகுதி' என்பது அளவுகோல்களில் இருக்கும்வரை கண்ணாடி முன்னால் நிற்கும் பிள்ளைக்குப் பயமும் இருக்கும். அந்தச் சொல் இடுப்பின் திருப்பம், பாதத்தின் வளைவு, மூட்டுகளின் பாதுகாப்பு ஆகியவற்றைக் குறிக்க வேண்டுமே தவிர, எலும்பு தெரிவதைக் குறிக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு உணவைக் குறைக்கத் தொடங்கினால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

யூரோவிஷனில் இளம் நடனக் கலைஞர்கள் போட்டி என்று ஒன்று இருந்ததே, அதுதானா இது?

இல்லை, அது வேறு. யூரோவிஷன் இளம் நடனக் கலைஞர்கள் போட்டியை ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் நடத்தியது. 1985-ல் இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் தொடங்கி, இடையிடையே நின்று, 2017-ல் பிராகில் நடந்ததோடு முடிந்துபோனது. அங்கே ஒவ்வொரு நாட்டின் ஒளிபரப்பு நிறுவனமும் தன் நாட்டுக்காக ஆளை அனுப்பும். முதல் வெற்றி ஸ்பெயினுக்கு, கடைசி வெற்றி ஸ்லோவேனியாவுக்கு. 1987-ல் டென்மார்க்குக்காக வென்ற இருவரில் ஒருவரான நிக்கோலாய் ஹூபே பிற்காலத்தில் ராயல் டேனிஷ் பாலேயையே இயக்கினார்.

லோசானில் பெயருக்குப் பக்கத்தில் நாடு எழுதியிருந்தாலும் யாரும் நாட்டுக்காக ஆடுவதில்லை. இன்னொரு முக்கியமான வேறுபாடு: யூரோவிஷன் போட்டி தொலைக்காட்சிக்காகவே பிறந்தது, இதுவோ தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் நடக்கும். பல்கேரியாவின் வார்னாவில் 1964 முதல் நடக்கும் பழைய போட்டியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே தொழில்முறைக் கலைஞர்களும் ஆடுவார்கள்.

என் மகள் ஏழு வயதிலிருந்து பரதநாட்டியம் ஆடுகிறாள். அவளை இதில் சேர்க்கலாமா?

பாலே முறைப்படி பழகியிருந்தால் மட்டுமே முடியும். அரைமண்டியில் தொடையை வெளிப்பக்கம் திருப்பும் பழக்கமும் தாள அறிவும் அவளுக்கு உதவும். ஆனால் எடையை மேலே தூக்கி நிறுத்தும் பாலேயின் முறையும், விரல் நுனியில் நிற்பதற்கான கணுக்கால் வலிமையும் பல ஆண்டுப் பயிற்சியில்தான் வரும். பதினைந்து வயதில் தொடங்கிப் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரிட்டனில் வாழ்பவர்களுக்கு வேறு ஒரு வழி இருந்தது. பிபிசி 2015-ல் தொடங்கிய இளம் நடனக் கலைஞர் போட்டியில் பாலே, நவீன நடனம், தெரு நடனம் ஆகியவற்றோடு தெற்காசிய நடனத்துக்கும் தனிப் பிரிவு வைத்தார்கள். 2022-ல் அதன் ஒட்டுமொத்த வெற்றியாளர் ஆத்யா சாஸ்திரி, பரதநாட்டியக் கலைஞர். பாலேக்காரர்களோடும் ஹிப்ஹாப்காரர்களோடும் ஒரே மேடையில் நின்று, தன் கலையை மாற்றிக்கொள்ளாமல் வென்றார். உங்கள் மகளுக்கு லோசானைவிட அந்த ஆட்டத்தை முதலில் காட்டுங்கள்.

பதினாறு வயதுப் பிள்ளையைத் தன்னந்தனியாக வெளிநாட்டுக்கு அனுப்புவது சரியா?

பாலேயில் தொழில் வாழ்க்கை பதினெட்டு, பத்தொன்பது வயதில் தொடங்கிவிடுகிறது; முப்பத்தைந்தைத் தாண்டுவது பெரிய காரியம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பது இந்தக் கலையில் நடைமுறைக்கு ஒத்துவராது. நல்ல பள்ளிகளில் விடுதி, பொறுப்பாளர், பொதுக்கல்வி எல்லாம் உண்டு. அவற்றையெல்லாம் விசாரித்து, மூன்று முறை உறுதி செய்துகொண்டுதான் அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு வேண்டாம் என்றால் திரும்பி வரலாம் என்பதைப் பெற்றோர் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பரிசு பெற்றதாலேயே தங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பிள்ளை மேலும் விழக் கூடாது.

கொரோனா காலத்தில் வீடியோவிலேயே நடத்தினார்களே, அப்படியே தொடர்ந்தால் செலவு மிச்சம்தானே?

2021-ல் பிள்ளைகள் அவரவர் ஊரில் ஆடிய பதிவுகளைப் பார்த்தே நடுவர்கள் முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு அதைவிட்டால் வேறு வழி இல்லை. நடத்தியதே பெரிய காரியம். ஆனால் பதிவில் பத்து முறை ஆடி நன்றாக வந்ததை அனுப்பலாம். ஆசிரியர் சொன்னதை அந்த நிமிடமே பிடித்துக்கொள்ளும் திறனை எப்படிப் பார்ப்பது? மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே கம்பியைப் பிடித்து நிற்கும் அனுபவத்தை எதனால் ஈடுகட்டுவது? வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பயணச் செலவு சுமைதான். அதற்குத் தீர்வு பயணத்துக்கு உதவுவது. பயணத்தையே நிறுத்துவது இல்லை.

கலையை மதிப்பெண் போட்டு அளப்பதே தவறு இல்லையா?

முடிந்த கலையை அளப்பது தவறு என்றே நானும் நினைக்கிறேன். இரண்டு பெரிய கலைஞர்களில் யார் பெரியவர் என்று எண்ணால் சொல்ல முயல்வது வீண்வேலை. இங்கே அளப்பது பள்ளிச் சேர்க்கைக்கான தகுதி. இடங்கள் சில, கேட்பவர்கள் பலர் என்றால் யாராவது தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். அதை மூடிய அறையில், சிபாரிசில், பணத்தில் செய்வதைவிட, எல்லோரும் பார்க்க ஒன்பது பேர் உட்கார்ந்து செய்வது மேல். நேரலையின் பெரிய பயனும் அதுதான்: தேர்வு எப்படி நடக்கிறது என்பதை உலகமே பார்த்துவிடுகிறது.

எனக்கு ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது. இறுதிச்சுற்றைப் பார்த்தால் போதுமா?

இறுதிச்சுற்றை விட்டுவிடுங்கள். வாரத்தின் நடுவில் வரும் திருத்தப் பயிற்சிகளில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள், முடிந்தால் இளைய பெண்கள் ஜிசெல் ஆடும் பயிற்சியை. முதல் முறை ஆடியதை நன்றாகக் கவனியுங்கள். ஆசிரியர் குறுக்கிட்டு, "கை சரி, கண் எங்கே போகிறது?" என்பதுபோல் ஏதோ ஒன்றைச் சொல்வார். மறுபடி ஆடச் சொல்வார். இரண்டு ஆட்டத்துக்கும் இடையில் என்ன மாறியது என்று உங்களால் சொல்ல முடிந்தால், நடுவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு நேரம் கிடைக்கும்போது இறுதிச்சுற்றின் பதிவைப் பாருங்கள். அது இணையத்தில் இருக்கும்.